மெட்டலுக்கு நெக் பிக்கப் ஆகாதா?

மெட்டல் வாசிக்கிறவனுக்கு பிரிட்ஜ் பிக்கப் ஒன்றே போதும், நெக் பிக்கப் ப்ளூஸ்காரர்களுக்கும் ஜாஸ்காரர்களுக்கும் விட்டுவைக்க வேண்டியது. இந்தத் தீர்ப்பு செங்கல்பட்டு மாவட்டத்து ஜாம் ரூம்களில் சட்டமாகவே உட்கார்ந்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் மாடி வகுப்புக்குப் போகும் பள்ளிப் பையன், காட்டாங்குளத்தூர், களவாக்கம் கல்லூரி விழாக்களில் மேடையேறும் பேண்டு, கோவளம், மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் வார இறுதியில் வாசிப்பவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் இதே வழக்கம்தான். டிஸ்டார்ஷனைப் போட்டதும் சுவிட்ச் பிரிட்ஜுக்குப் போகிறது, அதன்பிறகு அதை யாரும் தொடுவதில்லை. இந்தச் சட்டம் தவறு. மெட்டலின் பெயரால் மெட்டலையே அது பாதியாக வெட்டுகிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்டார்ஷன் என்பது உள்ளே வரும் எல்லாவற்றையும் நசுக்கிப் பெருக்கும் கருவி. கீழ் ஒலி அதிகமாக உள்ளே போனால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகிவிடும். நெக் பிக்கப் கீழ் ஒலியைத்தான் அள்ளித் தருகிறது. மெட்டலில் ட்யூனிங்கும் தாழ்ந்து கிடக்கிறது. டிராப் சி-யில் கடைசித் தந்தியின் அடிப்படைச் சுரம் 65 ஹெர்ட்ஸ். அங்கே பாஸ் கிட்டாரும் டபுள் கிக்கும் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கின்றன. வேகமான பாம் மியூட் ரிஃப்பில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிஞ்ச் ஹார்மோனிக்ஸ் கத்த வேண்டும். இவ்வளவையும் தருவது பிரிட்ஜ்தான், ஆகவே மெட்டலுக்கு பிரிட்ஜ்தான்.

இதில் கடைசி வரி தவிர மற்ற எல்லாம் சரி. தாழ்ந்த ட்யூனிங்கில், வேகமான பாம் மியூட் ரிஃப்புக்கு பிரிட்ஜைத்தான் நானும் போடுவேன். ஒரு வகை ரிஃப்புக்குப் பொருந்துவதை ஓர் இசை மரபு முழுவதற்குமான விதியாக்கும் அந்த 'ஆகவே'யைத்தான் மறுக்கிறேன்.

1. பிக்கப் இருக்கும் இடத்தை மரத்தில் அளக்கிறீர்களா, தந்தியில் அளக்கிறீர்களா?

மரத்தில் அளந்தால் நெக் பிக்கப் எப்போதும் நெக் பக்கம்தான் இருக்கும். ஒலியைத் தீர்மானிப்பது மரம் அல்ல, அதிரும் தந்தியின் நீளத்தில் பிக்கப் எத்தனையாவது பங்கில் நிற்கிறது என்பதே. ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவுள்ள கிட்டாரில் தந்தி 648 மி.மீ. நீளம். அதில் நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 162 மி.மீ. தள்ளி, சரியாக நாலில் ஒரு பங்கில் இருக்கிறது. பிரிட்ஜ் ஹம்பக்கர் சுமார் 40 மி.மீ. தூரத்தில், அதாவது பதினாறில் ஒரு பங்கில்.

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த கணுவையும் எதிர்க்கணுவையும் இங்கே கொண்டுவாருங்கள். எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாத ஓபன் தந்தியில், நடுவில் காணும் அதிகபட்ச அசைவில் 70 சதவீதம் நெக் பிக்கப்புக்கு மேலே நடக்கிறது, பிரிட்ஜுக்கு மேலே சுமார் 20 சதவீதம். அதனால் அடிப்படைச் சுரம் நெக்கில் மூன்றரை மடங்கு பெரிதாகக் கேட்கிறது. எட்டாவது ஹார்மோனிக்கைப் பாருங்கள், நிலைமை தலைகீழ். பிரிட்ஜ் இருக்கும் இடம் அதற்கு எதிர்க்கணு, நெக் இருக்கும் இடம் கணு. பிரிட்ஜ் அதை முழுசாகக் கேட்கிறது. நெக்குக்கு அது கிட்டத்தட்ட கேட்பதே இல்லை. (ஹம்பக்கரின் இரண்டு காயில்களும் சற்று விலகி இருப்பதால் அந்த மௌனம் முழுமையானதாக இருக்காது.) பிரிட்ஜின் கூர்மைக்கும் நெக்கின் கனத்துக்கும் காரணம் இந்தக் கணக்குதான். வீணையில் குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் நாதம் கூராகவும், மெட்டுப் பக்கம் நகர்ந்து மீட்டினால் குழைவாகவும் வருவது இதே விதியின்படிதான்.

இப்போது 12-வது ஃப்ரெட்டை அழுத்துங்கள். அதிரும் தந்தி 324 மி.மீ. ஆகிவிட்டது. நெக் பிக்கப் சரியாக நடுவில் வந்து நிற்கிறது, பிரிட்ஜ் எட்டில் ஒரு பங்குக்கு நகர்ந்துவிட்டது. நடுவில் நிற்கும் பிக்கப்புக்கு இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் எல்லாம் அடங்கிப்போகும். அதனால்தான் மேல் ஃப்ரெட்டுகளில் நெக் சோலோ அவ்வளவு உருண்டையாக, தொண்டையிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. இன்னும் மேலேறி 19-வது ஃப்ரெட்டுக்குப் போங்கள். தந்தி 216 மி.மீ. ஆகும்போது பிரிட்ஜ் பிக்கப்பே ஐந்தில் ஒரு பங்கை நெருங்கிவிடுகிறது. ஓபன் தந்தியில் நெக் நின்ற இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை. ஆக, 'பிரிட்ஜின் ஒலி', 'நெக்கின் ஒலி' என்று நிலையான இரண்டு ஒலிகள் கிடையாது. கை நகர நகர இரண்டும் மாறுகின்றன. ஓபன் தந்தி ரிஃப்பில் கண்ட ஒன்றை 17-வது ஃப்ரெட் சோலோவுக்கும் விதியாக்குவது கணக்கிலேயே பிழை.

இன்னொன்றும் இருக்கிறது. மெட்டலுக்கென்று விற்கும் கிட்டார்கள் பெரும்பாலும் 24 ஃப்ரெட் கொண்டவை. 24-வது ஃப்ரெட் கம்பி உட்கார்ந்திருப்பதே அந்த 162 மி.மீ. இடத்தில்தான், பிக்கப்பை அங்கே வைக்க முடியாது. அதைப் பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளித்தான் பொருத்துகிறார்கள். 21, 22 ஃப்ரெட் ப்ளூஸ் கிட்டாரின் நெக் பிக்கப் எப்படி மொழுமொழுவென்று கேட்கும் என்று சொல்லி 24 ஃப்ரெட் கிட்டாரின் நெக்கை ஒதுக்குகிறவர்கள் வேறொரு கருவியின் குற்றத்தை இதன் தலையில் கட்டுகிறார்கள்.

2. சேறு என்கிறீர்கள், எந்தச் சுரத்தில்?

டிஸ்டார்ஷனில் குழப்பம் தருவது பெரும்பாலும் 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே திரளும் ஒலி. வழக்கமான ட்யூனிங்கில் முதல் தந்தியின் 12-வது ஃப்ரெட் 659 ஹெர்ட்ஸ். அங்கே ஒற்றைத் தந்தியில் சோலோ வாசிக்கும்போது கீழே திரள்வதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. மறுபக்கம், மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. பிரிட்ஜ் பிக்கப் அந்த மேற்சுரங்களைத்தான் முன்னே தள்ளுகிறது. ஹை ஹாட்டும் சிம்பலும் கூச்சலிடும் அதே பகுதியில் சோலோவும் கூவினால் அது தனித்துத் தெரியும் என்று நினைக்கிறார்கள். காதைக் குத்துவதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நெக் சோலோவுக்கு அடிப்படைச் சுரத்தின் உடல் இருக்கிறது. சிம்பல்களுக்குக் கீழே தனக்கென்று ஓர் இடத்தில் அது நின்று பாடும்.

கீழ்த் தந்திகளிலும் சேறு விதிக்கப்பட்ட விதியல்ல. மெட்டல் கிட்டாரிஸ்டுகள் ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடலை வைப்பது எதற்கு? 720 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை உயர்த்தி, அதற்குக் கீழே இருப்பதை டிஸ்டார்ஷனுக்குள் போகவிடாமல் வடிகட்டத்தானே? பிரிட்ஜுக்கே இந்த வடிகட்டல் தேவைப்படுகிறது. அதே வடிகட்டி நெக்குக்கும் வேலை செய்யும், கெயினையும் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நன்றாகச் செய்யும். தன் பிக்கப்புக்கு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த பிக்கப்பை நோயாளி என்று சொல்வது நியாயமில்லை.

3. குற்றம் இடத்துடையதா, அங்கே பொருத்திய பொருளுடையதா?

விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு சுற்றிய பிக்கப்புகளைப் பொருத்திவிடுகிறார்கள். நெக்கில் தந்தி அதிகம் அசைகிறது என்று மேலே பார்த்தோம். அதே காயில் அங்கே உட்கார்ந்தால் அதிகமாகத்தான் கத்தும், கொழகொழக்கத்தான் செய்யும். தெரிந்து செய்கிறவர்கள் அப்படிப் பொருத்துவதில்லை. செய்மூர் டங்கனின் ஜேபி பிரிட்ஜ் பிக்கப்பின் மின்தடை சுமார் 16 கிலோஓம். அதோடு ஜோடி சேர்த்து விற்கும் ஜாஸ் நெக் பிக்கப் அதில் பாதிதான். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டாரில் பிரிட்ஜில் ஈஎம்ஜி 81, நெக்கில் ஈஎம்ஜி 60. ஜான் பெட்ருச்சிக்காக டிமார்சியோ செய்த லிக்விஃபயர் நெக் இடத்துக்கென்றே உருவானது. மெட்டலின் உச்சியில் இருப்பவர்கள் நெக் பிக்கப்பைத் தனியாக யோசித்துத் தேர்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை யோசிக்காமலே ஒதுக்குகிறோம்.

பணம் செலவழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகைத் திருப்பி நெக் பிக்கப்பைத் தந்தியிலிருந்து சற்றுத் தாழ்த்துங்கள், பருத்த தந்திப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அதிகமாக. தனித் திருகு முனைகள் இருந்தால் மெல்லிய தந்திகளுக்குக் கீழே இருப்பவற்றை உயர்த்துங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கால் மணி நேரப் பொறுமையும் போதும். இதைச் செய்யாமல் 'நெக் என்றாலே சேறு' என்று தீர்ப்பு எழுதுவது விசாரணையே நடத்தாத வழக்கு.

4. மெட்டல் எங்கிருந்து வந்தது என்று மறந்துபோயிற்றா?

1970 பிப்ரவரி 13-ல் வெளிவந்த பிளாக் சாபத் முதல் ஆல்பத்திலிருந்துதான் இந்தக் கதையைப் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். பதிவின்போது டோனி ஐயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் பழுதானது, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கையில் வந்தது. அதில் இருந்தவை பி-90 சிங்கிள் காயில் பிக்கப்புகள், இன்றைய ஹை கெயின் ஹம்பக்கர் அல்ல. இன்றைய விதிப்படி பார்த்தால் மெட்டல் பிறந்ததே விதிமீறலில்தான்.

லெஸ் பால் கிட்டாரின் சுவிட்சைச் சுற்றியுள்ள வளையத்தில் கிப்சன் நிறுவனம் நெக் பக்கம் 'ரிதம்' என்றும் பிரிட்ஜ் பக்கம் 'ட்ரெபிள்' என்றும் அச்சடித்தது. மெட்டல்காரர்கள் அதைப் புரட்டிப்போட்டு ரிதமை பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார்கள். அது நல்ல கலகம். கலகம் செய்து ஒரு பழக்கத்தை உடைத்தவர்களின் வாரிசுகள் இன்னொரு பழக்கத்தைக் கல்வெட்டாக்கிக் காவல் காப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரிட்ஜ் மட்டும் போதும் என்ற மோகத்துக்கு எட்டி வான் ஹேலன் பெரிய காரணம். 1978-ல் அவர் கையில் உலகம் கண்ட கிட்டாரில் வேலை செய்தது ஒரே ஒரு பிரிட்ஜ் ஹம்பக்கர்தான். அவர் விரலுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் இங்வே மால்ம்ஸ்டீனின் 1984 ஆல்பம் 'ரைசிங் ஃபோர்ஸ்' கேளுங்கள். அந்த வேகமான ஆர்பெஜியோக்களுக்குப் பின்னால் நெக் பிக்கப் இருக்கிறது. அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரே வழவழவென்று வழியவிடும் சோலோக்களுக்குப் பின்னாலும் அதுவே. 2007-ல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் உண்டு. மேடையில் இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டை மூன்றாம் சுர இடைவெளியில் வாசித்தும் ஒன்றையொன்று விழுங்காமல் இருந்ததே, அதற்கு இரண்டின் டோனும் வேறுவேறாக இருந்ததும் ஒரு காரணம் என்று திரும்பி வரும்போது யாராவது யோசித்திருக்கலாம்.

5. மெட்டல் என்றால் ரிஃப் மட்டும்தானா?

இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்கிறவர்கள் டூம் மெட்டலை வெளியே அனுப்ப வேண்டும். ஆமை வேகத்தில் ஒரே கார்டு பத்து விநாடி நின்று கரையும் இடத்தில் பாம் மியூட்டின் இறுக்கத்துக்கு வேலையே இல்லை. அங்கே கனம்தான் கேட்கிறது, அந்தக் கனம் நெக்கில் இருக்கிறது. 2009-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் சாரங் விழாவுக்கு வந்த ஓபெத்தையும் வெளியே அனுப்ப வேண்டும். ஒரே பாட்டில் உறுமலுக்கும் மெல்லிய கிளீன் பகுதிக்கும் மாறி மாறிப் போவதே அவர்கள் இசையின் உயிர். பிரிட்ஜில் வாசித்த கிளீன் பகுதி தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கிறது என்று நம் பேண்டுகளே முணுமுணுக்கின்றன. முணுமுணுத்துவிட்டு கோரஸ் பெடல் வாங்கப் போகிறார்கள். விரலுக்கு இரண்டங்குலம் தள்ளி இருக்கும் சுவிட்ச் இலவசம்.

நம் மண்ணிலிருந்தே ஒரு காரணம் சொல்கிறேன். கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் நிலைநாட்டிய ஆர். பிரசன்னா 2010-ல் ஸ்வர்ணபூமி இசை அகாடமியைத் தொடங்கியது செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி. இன்றைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் வரும் இடம் அது. ஜாஸும் ராக்கும் கர்நாடக இசையும் ஒரே வளாகத்தில் சந்திக்க முடியும் என்று காட்டிய முயற்சி. அதன்பிறகு இந்தக் கடற்கரையில் மெட்டலுக்குள் கமகத்தைக் கொண்டுவர ஆசைப்படும் இளைஞர்களைப் பார்க்கிறேன். கமகம் என்பது ஒரு மீட்டலில் விரல் பல சுரங்களைத் தொட்டு வருவது. அதில் பிக் தந்தியைத் தட்டும் சத்தம் பின்னுக்குப் போய், நீளும் நாதம் முன்னுக்கு வர வேண்டும். பிரிட்ஜ் பிக்கப் தட்டலைப் பெரிதாக்குகிறது, நெக் நாதத்தைப் பெரிதாக்குகிறது. தோடியை டிஸ்டார்ஷனில் வாசித்துப் பார்க்க விரும்பும் பிள்ளையிடம் 'நெக்கைத் தொடாதே' என்று சொல்வது, இந்த ஊரிலிருந்து மட்டுமே வரக்கூடிய ஒரு மெட்டலை முளையிலேயே கிள்ளுவது.

6. இந்தச் சட்டத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

முதலில் கருவி கொடுக்கிறது. உப்புக் காற்று வீசும் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வீடுகளில் பிக்கப் திருகுகளும் சுவிட்சின் உள்தகடுகளும் சீக்கிரம் பூத்துப்போகும். அசைத்துக்கொண்டே இருக்கும் சுவிட்ச் தன்னைத் தானே தேய்த்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் சுவிட்சின் மறுபக்கத் தொடுமுனை கறுத்துவிடும். பிறகு எப்போதாவது நெக்குக்குத் தள்ளினால் கரகரப்பு, விட்டு விட்டு ஒலி. 'பார்த்தாயா, நெக் சரியில்லை' என்கிறார்கள். பயன்படுத்தாததால் கெட்டதை, கெட்டதால் பயன்படுத்தவில்லை என்று திருப்பிச் சொல்கிறார்கள். பத்துச் சொட்டு கான்டாக்ட் கிளீனரில் தீரும் வழக்கு இது. இரைச்சல் புகாரும் அப்படித்தான். எர்த் சரியாக இல்லாத அறையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எந்தப் பிக்கப்பிலும் வரும். இப்படிப்பட்ட மின் இரைச்சலை அடக்கத்தான் 1955-ல் செத் லவர் கிப்சனில் ஹம்பக்கரை உருவாக்கினார். எர்த்தைப் பார்க்காமல் பிக்கப்பைக் குறை சொல்வதில் பயனில்லை.

அடுத்து மேடை. கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமுள்ள பத்துக்குப் பன்னிரண்டு ஜாம் ரூமில் கீழ் ஒலி மூலைகளில் திரண்டு நிற்கும். அங்கே நெக்கில் ரிதம் வாசித்தால் குமட்டும், உண்மைதான். அந்த அறையில் எடுத்த முடிவை அப்படியே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 2013-ல் தொடங்கிய கோவளம் அலைச்சறுக்கு, இசை விழா போன்ற திறந்தவெளியில் சுவர் கிடையாது, கீழ் ஒலி திரளாமல் ஓடிவிடும். கடல் காற்று வேறு ஒலியைத் திசைமாற்றும். அறையில் கூர்மையாகக் கேட்ட பிரிட்ஜ் சோலோ அங்கே ஒல்லியாகிக் காற்றோடு போய்விடுகிறது. இடத்துக்கு இடம் காதைத் திறந்துவைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதைச் சட்டமாக்கியதன் பலன் இது.

எல்லோரையும்விட அதிகம் இழப்பது கற்றுக்கொள்கிறவன். முதல் இரண்டு வருடம் பிரிட்ஜில் மட்டும் வாசித்த மாணவன் டோன் என்றால் பெடல் என்றே நம்பத் தொடங்குகிறான். இரண்டு பிக்கப்பிலும் ஒரே வரியை வாசித்துக் கேட்பதைவிட மலிவான செவிப்பயிற்சி கிடையாது. அதை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிற ஆசிரியர் அவன் கிட்டாரில் பாதியை எடுத்து வைத்துக்கொள்கிறார்.

7. 'ஸ்டுடியோவில் எல்லாரும் பிரிட்ஜில்தான் பதிவு செய்கிறார்கள்' என்ற கடைசி அஸ்திரம்.

எதைப் பதிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். இடது, வலது என்று இரண்டு முறையோ நான்கு முறையோ அடுக்கும் ரிதம் கிட்டார்களை. ஒரே ரிஃப் நான்கு அடுக்காகும்போது கீழ் ஒலியும் நான்கு மடங்கு குவியும் என்பதால் அங்கே பிரிட்ஜ் சரியான தேர்வு, அதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டேன். நம் பேண்டு மேடையில் ஒரு ரிதம், ஒரு லீட் என்று இரண்டே பேரோடு நிற்கிறது, அடுக்குகள் இல்லை. ரிதம் பிரிட்ஜில் இருக்கட்டும். லீட் வாசிப்பவர் சோலோவின் முதல் பாதியை, 12-வது ஃப்ரெட்டைச் சுற்றிய நீண்ட சுரங்களை, நெக்கில் வாசிக்கட்டும். உச்சத்துக்குப் போய் பிஞ்ச் ஹார்மோனிக் கத்த வேண்டிய அடிக்கு ஒரு நொடி முன்னால் சுவிட்சை பிரிட்ஜுக்குத் தள்ளட்டும். அந்த ஒரு அசைவில் கேட்பவருக்குக் கிட்டார் ஓர் அடி முன்னால் வந்து நின்றதுபோல் இருக்கும். பிரிட்ஜிலேயே தொடங்கியிருந்தால் அந்த அடிக்குப் போக இடம் மிச்சம் இருந்திருக்காது.